உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரு சுவர்

(புதுச்சேரியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஓர் ஊரில் வாழும் சாதாரண மனிதர்களைச் சிரித்த முகத்தோடு படம் பிடித்தோ வரைந்தோ, அந்த முகங்களை அதே ஊரின் சுவரில் ஆளுயரத்துக்கு மேல் ஏற்றி வைக்கிற கலைஞர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் செய்ததைச் சொல்லவும், அதில் நமக்கு என்ன இருக்கிறது என்று உங்களோடு சேர்ந்து யோசிக்கவும் வந்திருக்கிறேன். முதலில் நம் ஊர்ச் சுவர்களில் இன்று யாருடைய முகம் இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

நேரு வீதியில் தொடங்கி முத்தியால்பேட்டை வரை போய் வாருங்கள். அல்லது இந்தப் பக்கம் முதலியார்பேட்டை, வில்லியனூர் வரை. தலைவர்களின் முகம் இருக்கும். புதுப்படம் வந்தால் நடிகர்களின் முகம் வரும். பிறந்தநாள் வாழ்த்துப் பேனரில் தலைவர் நடுவில் பெரிதாக நிற்க, வாழ்த்துகிறவர்கள் கீழே தபால்தலை அளவில் வரிசை கட்டி நிற்பார்கள். கல்யாணம், காதணி விழா, மஞ்சள் நீராட்டு என்றால் வீட்டு விசேஷத்தின் முகங்கள் இரண்டு நாளைக்குத் தெருமுனையில் நிற்கும். வெள்ளைக்காரத் தெருக்களின் மஞ்சள் சுவர்கள் வேறு கதை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் காகிதப்பூக் கொடிக்குக் கீழே நின்று தங்களைத் தாங்களே படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்தச் சுவர்களை உலகத்துக்கே தெரியும். அந்தத் தெருவை விடியற்காலையில் பெருக்குகிற அம்மாவை யாருக்கும் தெரியாது.

பதவியும் பணமும் இல்லாத ஒருவரின் முகம் நம் தெருச்சுவருக்கு வருவது பெரும்பாலும் ஒரே ஒரு தடவைதான். அது கண்ணீர் அஞ்சலி போஸ்டர்.

அந்தப் போஸ்டரைக் கிட்டத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். இழவு விழுந்த வீட்டில் அவசரமாகப் படம் தேடுவார்கள். ரேஷன் அட்டையில் இருப்பதோ, யாரோ ஒருவரின் கல்யாணத்தில் கூட்டமாக எடுத்துக்கொண்டதோ கிடைக்கும். டிசைன் செய்கிற பையன் அந்தக் கூட்டத்திலிருந்து இவரை மட்டும் வெட்டி எடுப்பான். காதோரத்தில் அடுத்தவரின் தோள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். வெளிறிய சட்டைக்குப் பதிலாக வெள்ளைச் சட்டை ஒன்றைப் பொருத்துவான். பின்னால் நீல வானம், மேலே இரண்டு புறா, கீழே தோற்றமும் மறைவும். நாற்பது வருஷம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய மனிதர் அன்றைக்குத்தான் தன் தெருவைத் தன் முகத்தால் பார்க்கிறார். தெருவும் அன்றைக்குத்தான் அவரை நிமிர்ந்து பார்க்கிறது.

நான் சொல்ல வந்ததன் சாரம் இங்கேயே இருக்கிறது. ஒரு மனிதரின் முகத்துக்கு அவருடைய ஊர் தருகிற மரியாதையை அவர் உயிரோடு இருக்கும்போதே, அவர் கண்ணாலேயே பார்க்கும்படி தர வேண்டும். சிரித்த முகங்களைச் சுவரில் ஏற்றும் கலையை நான் அந்தக் காரணத்துக்காகவே மதிக்கிறேன்.

நம் சட்டம்கூட இந்த விஷயத்தில் ஒருமுறை விசித்திரமான இடத்துக்குப் போனது. பேனர் தொல்லை தாங்காமல் போட்ட வழக்கொன்றில், 2017 அக்டோபரில், உயிரோடு இருப்பவர்களின் படங்களைப் பேனர்களிலும் ஃபிளெக்ஸ்களிலும் வைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஆணையிட்டார். அந்த ஆணை பிறகு நிலைக்கவில்லை. ஆனால் அதன் பின்னால் இருந்த கோபம் நியாயமானது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலையோரப் பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன ஓர் இளம் பொறியாளர் உயிரிழந்தார். முகம் வைப்பது அதிகாரத்தைக் காட்டும் வேலையாகிப் போனதால் வந்த வினை அது. நான் பேசப்போகும் முகங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த முகங்கள் யாரிடமும் ஓட்டுக் கேட்பதில்லை.

சென்னையில் பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிக் கண்ணகி நகர் இருக்கிறது. கூவம் கரையிலிருந்தும் நகரத்தின் மற்றக் குடிசைப் பகுதிகளிலிருந்தும் அகற்றப்பட்டவர்களை 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம் அது. வேலை செய்த இடம் ஒரு மூலையில், கொடுத்த வீடு இன்னொரு மூலையில். ஒரு குடும்பம் கால் நீட்டிப் படுக்கவே இடம் போதாத அடுக்குமாடி வீடுகள். அந்த மக்கள் பட்ட கஷ்டத்தில் பெரிய கஷ்டம் ஊரின் பெயராலேயே வந்தது. விண்ணப்பத்தில் ‘கண்ணகி நகர்’ என்று முகவரி எழுதினால் வேலை கிடைக்காது என்று அங்கே உள்ள இளைஞர்கள் பத்திரிகைகளிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். குற்றம் நடக்கிற இடம் என்று ஒரு முத்திரை குத்தியாகிவிட்டது.

2020-இன் தொடக்கத்தில் ஸ்டார்ட் இந்தியா என்ற அமைப்பு, மாநகராட்சியின் துணையோடும் ஏஷியன் பெயின்ட்ஸ் நிறுவனத்தின் ஆதரவோடும், அந்தக் குடியிருப்பின் பக்கச் சுவர்களில் ஓவியர்களை வரவழைத்து வரையச் செய்தது. வந்தவர்களில் ஏ-கில் என்ற பெயரில் வரைகிற சென்னைக்காரர் ஒருவர். மனித முகங்களைப் பெரிய அளவில் வரைவதே அவருடைய வேலை. அவர் அங்கே வரைந்த ஓவியத்துக்கு ‘ஏற்றத்தை நோக்கி’ என்று பெயர். கட்டடத்தின் உயரத்துக்கு அந்தப் பகுதிக் குழந்தைகளின் சிரிக்கும் முகம். தேவதைகளோ, சுதந்திரப் போராட்டத் தலைவர்களோ, மரம் நடுவோம் வாசகமோ அங்கே வரவில்லை. அந்த மண்ணில் ஓடி விளையாடுகிற பிள்ளைகள்தான் வந்தார்கள்.

இத்தனை பெரிய முகத்தை எப்படி வரைகிறார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது. சுவரின் அருகில் நிற்கிற ஓவியருக்கு முகம் தெரியாது. அவர் கை எட்டும் இடத்தில் ஒரு புருவத்தின் பாதிதான் இருக்கும். அதனால் முதலில் சுவர் முழுக்கக் கட்டம் போடுவார்கள். இல்லையென்றால் எழுத்தும் சுழியும் கோடுமாகக் கிறுக்கி நிரப்புவார்கள். அந்தக் கிறுக்கல் சுவரைக் கைப்பேசியில் படமெடுத்து, வரைய வேண்டிய முகத்தை அதன்மேல் மெல்லியதாகப் பொருத்திக்கொள்வார்கள். மூன்றாவது சுழிக்குப் பக்கத்தில் கண்ணின் முனை, அந்த ‘க’வுக்குக் கீழே உதட்டின் ஓரம் என்று அடையாளம் பிடித்து வரைவார்கள். முதல் இரண்டு நாளும் கீழே நிற்கிறவர்களுக்கு ஒன்றுமே புரியாது. பிறகு ஒரு கண் திறக்கும். அப்போதிருந்துதான் கீழே கூட்டம் சேரும். இது யார் வீட்டுப் பிள்ளை என்ற பேச்சும் தொடங்கும்.

சிரித்த முகத்தில் இன்னொரு சங்கடம் உண்டு. பற்களை ஒவ்வொன்றாகக் கோடு பிரித்து வரைந்தால் முகம் விகாரமாகிவிடும். தேர்ந்த ஓவியர்கள் பல்வரிசையை ஒரே வெளிச்சமாக வைத்து, ஓரங்களில் மட்டும் நிழல் கொடுப்பார்கள். சிரிப்பைக் கன்னத்திலும் கண்ணின் கீழ்மடிப்பிலும் தேடுவார்கள். இதை மருத்துவ முறையில் ஆராய்ந்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். துஷேன் என்ற அந்த மருத்துவர் முகத்தசைகளில் மின்சாரம் பாய்ச்சி, ஒவ்வொரு தசையும் முகத்தை எப்படி மாற்றுகிறது என்று புகைப்படம் எடுத்து 1862-இல் புத்தகமாகப் போட்டார். வாயின் ஓரத்தை எவரும் நினைத்தபோது தூக்கிவிடலாம், கண்ணைச் சுற்றியுள்ள தசை அப்படிச் சொன்னபடி கேட்காது, அது உள்ளே மகிழ்ச்சி இருந்தால்தான் அசையும் என்பது அவர் கண்டது. பத்தாண்டுகள் கழித்து டார்வின் தன் நூலில் அந்தப் படங்களைப் பயன்படுத்திக்கொண்டார். கண்ணகி நகர் குழந்தைகளின் கண்ணைப் பாருங்கள். துஷேன் சொன்னது விளங்கும்.

அடுத்த ஆண்டு, 2021-இல், அதே ஏ-கில், கத்ரா என்கிற சித்தார்த் கோஹிலோடு சேர்ந்து சென்னை இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்தின் வெளிச்சுவரில் வரைந்தது என் மனத்தில் இன்னும் ஆழமாக நிற்கிறது. மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கமும் அந்த முயற்சியில் சேர்ந்திருந்தது. பல வயதினரின் பல முகங்கள் வரிசையாக நிற்கும். அவர்களில் எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்பவர்கள் உண்டு, தொற்று இல்லாதவர்களும் உண்டு. யார் எவர் என்று பார்க்கிறவரால் சொல்ல முடியாது. ரயில் ஏறப் போகிறவர் ஒரு நொடி நின்று தேடிப் பார்ப்பார். அந்தத் தேடல் தோற்றுப் போகும். தோற்கிற அந்த நொடிக்காகத்தான் அத்தனை சாயமும். நோயின் பெயர் தெரிந்தவுடன் தனித் தம்ளர் வைத்த சமூகத்தில், வெட்டவெளியில் தன் முகத்தைக் கொடுக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். நம்பிக்கை என்று நான் சொல்வது அந்தத் துணிச்சலைத்தான்.

இந்த இடத்தில் உங்களில் சிலர் கேட்கலாம்: தமிழர்கள் எப்போது கேமராவுக்கு முன்னால் சிரித்தோம்? நியாயமான கேள்வி. உங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் தாத்தா பாட்டி படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தாத்தா நாற்காலியில், முழங்காலில் இரண்டு கை. பாட்டி பக்கத்தில் நிற்கிறார். பின்னால் துணியில் வரைந்த தூணும் படிக்கட்டும். இரண்டு பேரும் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லப் போகிறவர்கள் மாதிரி பார்க்கிறார்கள். 1908 முதல் 1918 வரை இந்த ஊரில் வாழ்ந்த பாரதியின் படங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான் நமக்குக் கிடைத்திருக்கின்றன. ரா. அ. பத்மநாபன் அரும்பாடுபட்டு அவற்றைத் தேடித் திரட்டி 1957-இல் ‘சித்திர பாரதி’யில் தந்தார். ஆனந்தத்தை அவ்வளவு பாடிய மனிதர் ஒரு படத்திலும் பல் தெரியச் சிரிக்கவில்லை. தலைப்பாகையும் மீசையும் அந்தக் கண்ணும்தான் நமக்கு மிஞ்சின.

அந்தக் காலத்துக் கேமராவில் நெடுநேரம் அசையாமல் இருக்க வேண்டும், அதனால்தான் சிரிக்கவில்லை என்று காரணம் சொல்வார்கள். ஆரம்பத்தில், 1839-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அது உண்மை. பாரதி காலத்தில் நொடிக் கணக்கு ஆகிவிட்டது. உண்மையான காரணம் மரியாதை. ஸ்டூடியோவுக்குப் போவது கோயிலுக்குப் போவதற்கு அடுத்த காரியம். செலவு பிடித்த காரியமும்கூட. வாழ்க்கையில் ஒன்றிரண்டு தடவை எடுக்கிற படத்தில் பல்லைக் காட்டினால் தலைமுறைக்கும் அந்தப் பல்தானே நிற்கும்? பிரான்சிலும் இதே கதைதான். 1787-இல் பாரிஸ் கண்காட்சியில் ஓவியர் விஜே லெ ப்ரன் அம்மையார், மகளை அணைத்தபடி உதடு லேசாகத் திறந்து பல் தெரியச் சிரிக்கும் தன் ஓவியத்தை வைத்தார். கௌரவமான பெண் இப்படி வாயைத் திறக்கலாமா என்று பாரிஸ் கொதித்தது. அந்த ஓவியம் இன்று லூவ்ரில் இருக்கிறது. கொதித்தவர்களின் பெயர் யாருக்கும் நினைவில்லை.

நம்மிடம் மரியாதையோடு இன்னும் இரண்டு தடைகள் சேர்ந்துகொண்டன. ஒன்று, படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்ற பயம். அந்தப் பயத்தால் பல குடும்பங்களில் ஒருவரின் ஒரே படம், இறந்த பிறகு நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, மாலை போட்டு, சுற்றி உறவினர்கள் நிற்க எடுத்ததாகவே இருக்கிறது. இந்த ஊரின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் சோயி ஹெட்லியும் அவரோடு சேர்ந்தவர்களும் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு பழைய தமிழ் ஸ்டூடியோக்களின் கண்ணாடி நெகட்டிவ்களையும் அச்சுப்படங்களையும் தேடிப் பதிவு செய்தபோது, அத்தகைய சாவுப் படங்களும் வந்து சேர்ந்தன. அந்தத் தொகுப்பு பெரிய சொத்து. செல்லரித்துக் குப்பைக்குப் போக இருந்த நம் முப்பாட்டன்களை அவர்கள் மீட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது தடை பெண்களுக்கு மட்டும். ‘பொம்பளை சிரிச்சா போச்சு, புகையிலை விரிச்சா போச்சு’ என்று சொல்லிச் சொல்லி வளர்த்த சமூகம் இது. பெரிய மார்க்கெட்டுக்குள் கேமராவோடு போய்ப் பாருங்கள். மீன் வெட்டுகிற அக்கா, வியாபாரத்தில் எதிராளியின் வாயை அடைக்கிற அக்கா, கேமராவைக் கண்டதும் முந்தானையை இழுத்துச் சரிசெய்வார். சிரிப்பு வந்தால் புறங்கை தானாக வாய்க்குப் போகும். பக்கத்துக் கூடைக்காரி “ஏண்டி, பொண்ணு பாக்க வந்த மாதிரி உக்காந்திருக்க” என்று ஒரு வார்த்தை விட்டால்தான் கை கீழே இறங்கும். அந்த ஒரு நொடியில் வருகிற சிரிப்பு படம் எடுப்பவருக்கு வாய்ப்பதில்லை. பக்கத்தில் இருக்கிற தோழிக்குத்தான் வாய்க்கும். நல்ல கலைஞர் அந்தத் தோழியைத் தன் வேலையில் சேர்த்துக்கொள்வார்.

ஒப்புக்கொள்ள வேண்டிய விதிவிலக்குகளும் உண்டு. இங்கிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம், திருவண்ணாமலை. 1946-இல் வெல்லிங் என்ற பெங்களூர்ப் புகைப்படக்காரர் எடுத்த ரமணரின் அந்த முகம், உதட்டில் மிக லேசான மலர்ச்சியோடு, எத்தனை வீடுகளில் இருக்கிறது! அதே ஆண்டில் எடுத்த ஒரு படத்திலிருந்து வந்ததுதான் நம் சட்டைப் பையில் இருக்கும் ரூபாய் நோட்டின் காந்தி முகமும். பக்கத்தில் நின்ற பெத்திக் லாரன்ஸ் பிரபுவை வெட்டிவிட்டு, சிரிக்கிற கிழவரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 1950 ஏப்ரலில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே ப்ரேசோன் நம் புதுச்சேரிக்கு வந்து, நெடுங்காலமாகக் கேமராவுக்கு முன் வராதிருந்த அரவிந்தரைப் படம் பிடித்தார். மகான்களின் முகங்களை நாம் பத்திரப்படுத்தியிருக்கிறோம். அந்த நல்ல வேலையை அடுத்த வீட்டுக்கும் கொண்டுபோக வேண்டும் என்பதுதான் என் விண்ணப்பம்.

அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோனவர் ஜே.ஆர். என்ற பிரெஞ்சுக் கலைஞர். 2004 வாக்கில் பாரிஸின் புறநகர்க் குடியிருப்புகளில், பத்திரிகைகள் ரவுடிகள் என்று எழுதிய இளைஞர்களை மிக அருகில் நின்று படமெடுத்தார். முகத்தை எப்படி வேண்டுமானாலும் கோணிக்கொள்ளுங்கள் என்றார். பெரிய காகிதத்தில் அச்சடித்துப் பணக்காரர்கள் வாழும் பகுதியின் சுவர்களில் பசை தடவி ஒட்டினார். 2007-இல் இஸ்ரேலுக்கும் பாலஸ்தீனத்துக்கும் போனார். ஒரே தொழில் செய்கிற இரண்டு பக்கத்து ஆட்களையும் கோமாளி முகம் காட்டச் சொல்லி, இரண்டு படத்தையும் அருகருகே ஒட்டினார். பிரிவினைச் சுவரின் மேலேயே ஒட்டினார். பார்க்கிறவர்களிடம் இதில் யார் எந்தப் பக்கம் என்று கேட்டபோது பெரும்பாலோரால் சொல்ல முடியவில்லை. இந்திரா நகர் ரயில் நிலையச் சுவரில் நடப்பதும் இதுதான்.

அவர் இந்தியாவுக்கும் வந்தார். பெண்களின் முகங்களை ஒட்ட நினைத்தார். பகிரங்கமாகப் படம் ஒட்ட வழியில்லை. அப்போது செய்த யுக்தி எனக்கு மிகவும் பிடித்தது. வெள்ளைக் காகிதத்தில் முகத்தின் கருமை வர வேண்டிய இடங்களில் மட்டும் பிசின் இருக்கும்படி செய்தார்கள். சுவரில் ஒட்டும்போது அது வெறும் வெள்ளைத் தாள். யாருக்கும் ஆட்சேபம் இல்லை. நம் தெருப் புழுதி நாளாக ஆகப் பிசினில் படிந்தது. படியப் படிய ஒரு பெண்ணின் கண் வந்தது, மூக்கு வந்தது, முழு முகமும் வந்தது. இந்த நாட்டின் தூசியே அந்தப் பெண்களை வரைந்து முடித்தது.

2011-இல் டெட் பரிசு கிடைத்தபோது அவர் ‘இன்சைட் அவுட்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார். எந்த ஊர் மக்களும் தங்கள் முகங்களைப் படமெடுத்து அனுப்பினால், பெரிய கறுப்பு வெள்ளைப் போஸ்டராக அச்சடித்து அனுப்புவார்கள்; ஒட்டுவது அந்த ஊராரின் வேலை. இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் லட்சக்கணக்கான முகங்கள் இப்படிச் சுவரேறியிருக்கின்றன. கலைஞரின் கையிலிருந்து வேலை ஊரின் கைக்குப் போனதுதான் அதில் பெரிய விஷயம்.

இன்னொருவர் ஆஸ்திரேலியப் புகைப்படக்காரர் ஜே வைன்ஸ்டைன். ராஜஸ்தானில் பிகானேரில் கடுமையான முகத்தோடு நின்ற ஒருவரைப் படம் எடுக்கத் தயங்கியவர், அவரைச் சிரிக்கச் சொன்னதும் முகமே மாறிப் போனதைக் கண்டு ஒரு தொடரைத் தொடங்கினார். ஒரே ஆளின் இரண்டு படம்; சிரிப்பதற்கு முன், சிரித்த பின். பெயர், மதம், தொழில் எதையும் எழுதுவதில்லை என்பது அவருடைய முறை. தெரியாத மனிதரைப் பார்த்தவுடன் நாம் செய்கிற கணக்குகளைக் கலைப்பது அவருடைய நோக்கம், அதற்கு அந்த முறை பொருத்தம்தான். நம் ஊருக்கு அது ஒத்துவராது என்று நினைக்கிறேன். இங்கே பெயர் வேண்டும். பெயர் சொல்லி அழைக்கப்படாமலே ஒரு வாழ்நாள் உழைத்தவர்களின் படத்துக்குக் கீழே, அவர் சம்மதித்தால், பெயரைக் கொட்டை எழுத்தில் போட வேண்டும்.

இப்போது ஆட்சேபங்களுக்கு வருகிறேன். இவற்றைத் தட்டிக்கழிக்க மாட்டேன்.

ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காணலாம் என்று அண்ணா சொன்னதாக நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். நல்ல மனத்தில் பிறந்த வாக்கு. ஆனால் காண்கிறவர் ஒருவராகவும் சிரிக்கிறவர் வேறொருவராகவும் இருக்கும்போது அதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பாருங்கள், ஒன்றுமில்லாவிட்டாலும் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுக் கார்க்கண்ணாடியை ஏற்றிக்கொள்ள அந்தச் சிரிப்பு உதவிவிடும். கண்ணகி நகரிலும் இதைக் கேட்டவர்கள் உண்டு: சுவருக்குச் சாயம் அடித்தீர்கள், தண்ணீருக்கு என்ன வழி, வேலைக்குப் போக பஸ் எங்கே? அந்தக் கேள்வி சரி. ஓவியம் அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கிறவரின் முகத்தை அது ஊருக்குக் காட்டும். வழிப்பறிக்காரர்களின் பேட்டை என்று செய்தித்தாளில் மட்டும் படித்த இடத்துக்கு, ஓவியம் பார்க்க என்றாவது ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். கண்ணகி நகர் என்றால் என்ன நினைவுக்கு வரும் என்பது கொஞ்சம் மாறியது. முகவரியால் வேலை இழந்த ஒருவருக்கு அது சின்ன மாற்றம் இல்லை.

போலிச் சிரிப்பு வந்துவிடுமே என்ற பயமும் உண்டு. கேமராவுக்காக ‘ஈ’ என்று காட்டுவதைக் கொடாக் விளம்பரங்கள் உலகத்துக்கே பழக்கிவிட்டன. ஆகவே இப்படி ஒரு முயற்சி நம் ஊரில் நடந்தால், சிரிக்க மாட்டேன் என்பவருக்கும் சுவரில் சம இடம் தர வேண்டும். முதலியார்பேட்டை ரோடியர் மில், நாம் ஏ.எஃப்.டி. என்று சொல்கிற மில், 2020-இல் மூடப்பட்டது. 1898-இல் தொடங்கிய மில். அப்பாவுக்குப் பின் மகன் என்று குடும்பம் குடும்பமாக அங்கே நூல் பிடித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் போய்ச் சிரியுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. 1936 ஜூலை 30 அன்று சவானா மில் தொழிலாளிகள் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டு, அதன் பிறகு எட்டு மணி நேர வேலை கிடைத்த மண் இது. அந்தப் பரம்பரையில் வந்தவர் எந்த முகத்தோடு நிற்க விரும்புகிறாரோ அந்த முகம்தான் வர வேண்டும். பேரனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்கிறேன் என்று அவர் சொல்லலாம். பேரன் மீசையைப் பிடித்து இழுத்தால் சிரிப்பு தானே வரும், வராவிட்டாலும் குறையில்லை.

எந்தப் படம் ஒட்டப்படும் என்பதை, படத்தில் இருப்பவரே தேர்ந்தெடுக்க வேண்டும். அவருக்கு ஒரு நல்ல பிரதி சட்டம் போட்டுப் போக வேண்டும். அது பின்னாளில் அஞ்சலிக்கும் உதவுமே என்று அவர் வீட்டார் நினைத்தால் அதுவும் நல்லதுதான், வெட்டி ஒட்டிய படத்துக்கு அது எவ்வளவோ மேல். எடுத்துவிடுங்கள் என்று அவர் சொன்னால் மறுநாளே எடுத்துவிட வேண்டும். சுவருக்குச் சொந்தக்காரரிடமும் நகராட்சியிடமும் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். பாரம்பரியக் கட்டடங்களின் சுண்ணாம்புச் சுவரில் ஒட்டவே கூடாது. பசையின் ஈரம் அந்தப் பூச்சைக் கெடுத்துவிடும். விளம்பரதாரர் பெயர் முகத்தை விடச் சிறியதாக, காலடியில் இருக்கட்டும்.

யார் யார் என்று கேட்டால் எனக்கு உடனே தோன்றுவதைச் சொல்கிறேன். வம்பாக்கீரப்பாளையத்திலும் குருசுக்குப்பத்திலும் வலை பின்னுகிற பெரியவர்கள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் காந்தி வீதியில் துணி விரிக்கிறவர்கள். துப்புரவுப் பணியாளர்கள். பள்ளிக்கூட வாசலில் நெல்லிக்காய் விற்கிற பாட்டிகள். சைகோனிலும் அல்ஜீரியாவிலும் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பி, இன்றும் ஜூலை 14 அன்று பதக்கம் குத்திக்கொண்டு கடற்கரைக்கு வருகிற சொல்தாக் குடும்பத்து முதியவர்கள். அவர்கள் எண்ணிக்கை வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகிறது, அவர்களிடம் முதலில் போக வேண்டும். ஜே.ஆர். செய்ததுபோல ஒரு தெருவின் முகத்தை இன்னொரு தெருவில் ஏற்றலாம். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே ஒரு காலத்தில் யார் வீடு கட்டலாம், யார் கூடாது என்று கோடு போட்டிருந்த ஊர் நம்முடையது. குருசுக்குப்பத்து மீனவர் வாய்க்காலுக்குக் கிழக்கே ஒரு சுவரில் நிமிர்ந்து நிற்கட்டும். வெளியூர்க்காரர்கள் அவர் பக்கத்தில் நின்று படமெடுத்துக்கொண்டு போகட்டும், அவர் பெயரையும் வாசித்துவிட்டு.

படம் எடுக்க வெளியிலிருந்து பெரிய பெயர்களைத் தேட வேண்டாம். இந்த ஊரில் கல்யாணத்துக்கும் பாஸ்போர்ட்டுக்கும் படமெடுக்கிற ஸ்டூடியோக்காரர்கள் இருக்கிறார்கள். கைப்பேசி வந்த பிறகு வேலை குறைந்து உட்கார்ந்திருக்கிறார்கள். முகத்துக்கு எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் வர வேண்டும் என்று அவர்களை விட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்? பாரதியார் பல்கலைக்கூடத்து ஓவிய மாணவர்கள் சுவர் வேலையைப் பார்த்துக்கொள்ளட்டும்.

காலத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் கடற்கரையில் காகிதம் ஒட்டினால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு வாரம் தாங்காது. தை பிறந்து ஒட்டினால் கோடை முழுக்க நிற்கும். வடகிழக்குப் பருவமழை வந்து கரைத்துக்கொண்டு போகும். கரையட்டும். அடுத்த தைக்கு வேறு முகங்கள் வரட்டும். அப்படியானால் மழைக்காலத்திலேயே வீடு வீடாகப் போய்ப் பேசிச் சம்மதம் வாங்கிவிட வேண்டும், மார்கழியில் படம் எடுக்க வேண்டும். மார்க்கெட் அக்காக்களுக்குக் காலையில் நிற்க நேரமிருக்காது. வியாபாரம் முடிந்து, கூடை கழுவி, முகம் கழுவிக்கொண்டு வரும் வரைக்கும் கேமராக்காரர் காத்திருக்க வேண்டும்.